புகைப்பவர் கட்டும் வரி அரசுக்கு லாபமா?

தண்டையார்பேட்டையிலிருந்து நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி ஒரு வாரமாக என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது: "ஐயா, சிகரெட் பிடிப்பவன் வரியும் கட்டுகிறான், சீக்கிரமே செத்தும் போகிறான், அரசுக்கு முதியோர் செலவு மிச்சம்தானே?" முதலில் சிரித்தேன். ஆனால் 2001இல் பிலிப் மோரிஸ் என்னும் சிகரெட் நிறுவனம் இதே கணக்கை ஓர் ஆய்வாகவே தயாரிக்கச் செய்து செக் குடியரசில் முன்வைத்ததும், கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டதும் நினைவுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும்: காசிமேட்டில் ஒரு கூடை மீனை இன்னொரு கூடையில் கொட்டினால் மீன் பெருகிவிடாது. வரியும் அப்படித்தான், புகைப்பவரின் சட்டைப் பையிலிருந்து கருவூலத்துக்கு இடம் மாறிய பணமேயன்றி, நாட்டில் புதிதாக விளைந்த செல்வமன்று. நோயோ உள்ள மீனையே அழுகவைக்கிறது. 2017-18இல் 35 வயதுக்கு மேற்பட்டோரிடையே புகையிலையால் இந்தியாவுக்கு நேர்ந்த இழப்பு 1,77,341 கோடி ரூபாய், அதாவது உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காடு, என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. கலால் வரியாக 100 ரூபாய் வந்தால் 816 ரூபாய் இழப்பு என்று அதே ஆய்வு கூறியது. அந்த இழப்பில் மருத்துவச் செலவு 22 விழுக்காடுதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் வேலைக்குப் போக முடியாத நாட்களும் முன்கூட்டியே முடிந்துபோன உழைப்பும். அரசின் வரவுசெலவு ஏட்டில் அவை எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை என்பதால்தான் வரி மட்டும் கண்ணில் படுகிறது.

முதியோர் செலவு மிச்சம் என்கிறாரே, அதையும் பார்ப்போம். ராயபுரத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் இறந்தால் மிச்சப்படுத்த அவருக்கு ஓய்வூதியமே கிடையாது. மாறாக, ஆதரவற்ற அவர் மனைவிக்கு, 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட விதவை உதவித்தொகையை அரசுதான் தர வேண்டும். இறந்தவருக்குக் காசநோய் வந்திருந்தால், சிகிச்சைக் காலத்தில் மருந்தும் இலவசம், சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இது வெறும் கற்பனை உதாரணமன்று: சென்னையையும் தமிழகக் கிராமங்களையும் சேர்த்து வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ ஆகியோர் நடத்தி 2003இல் வெளிவந்த ஆய்வு, புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று காட்டியது.

உண்மையில் நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறொரு கேள்வி. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது சிகரெட்டின் மீது, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டுவதற்கான இழப்பீட்டு மேல்வரியைக் கூடுதலாக விதித்தவர்கள் பீடியை மட்டும் ஏன் அதிலிருந்து விட்டுவிட்டார்கள்? ராயபுரத்து மூட்டைக்காரர் காதில் செருகியிருப்பது பீடிதான்.