ஒரே கோட், ஒரு போனில் 5 மீட்டர், இன்னொன்றில் 10 மீட்டர்: போன் விளையாட்டில் நகரும் பொருளை மெல்ல நிறுத்துவது எப்படி?

[திரையில்: மொரிஷியஸின் கிராண்ட் பே கடல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போன்கள்: ஒன்று நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையும் படம்), மற்றது 30]

இரண்டிலும் நம் பிரோக் என்ற சிறு மீன்பிடிப் படகு நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரே இடத்தில் எஞ்சினை அணைக்கிறோம். 60 ஃபிரேம் போனில் 5 மீட்டர் சறுக்கி நிற்கிறது. மற்றதில் 10 மீட்டர் போய்த் துறையில் முட்டுகிறது. கோட் என்னவோ ஒன்றுதான்.

[திரையில்: வேகம் = வேகம் × 0.98]

இந்த வரி ஃபிரேமுக்கு ஒரு முறை ஓடுகிறது. ஃபிரேம் பாதியானால் வேகத்தில் விழும் வெட்டும் பாதி. வெட்டை நேரத்தோடு கட்டுங்கள்.

[திரையில்:
பழையது = வேகம்
வேகம் = பழையது × எக்ஸ்ப்(−1.2 × டெல்டா டைம்)
இடம் = இடம் + (பழையது − வேகம்) ÷ 1.2]

டெல்டா டைம் என்பது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம், நொடியில். எக்ஸ்ப் என்பது e என்ற எண்ணின் அடுக்கைத் தரும் கணக்குச் சார்பு. 1.2 நீரின் இழுவை. கடைசி வரியில் வழக்கம்போல ‘வேகம் × டெல்டா டைம்’ போட்டாலும் குடி முழுகாது, சில சென்டிமீட்டர் பிசகும். இப்படி எழுதினால் எந்தப் போனிலும் மொத்தத் தூரம் 6 ÷ 1.2, அதாவது 5 மீட்டர். 8 மீட்டர் சறுக்க வேண்டுமா? 1.2ஐ 6 ÷ 8 = 0.75 என்று மாற்றுங்கள்.

ஒரு சிக்கல்: இந்த வேகம் பூஜ்யத்தைத் தொடவே தொடாது. படகு நின்றதுபோல் தெரிந்த பிறகும் அலைத்தடம் ஓடிக்கொண்டிருக்கும். 0.05க்குக் கீழே வந்ததும் பூஜ்யமாக்குங்கள். சுமார் 4 வினாடியில் அந்த அளவுக்கு வந்துவிடும், இழப்பது 4 சென்டிமீட்டர்தான்.

[திரையில்: ரோஸ் ஹில் மெட்ரோ நிலையம்]

ட்ராமுக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். முதலில் வெடுக்கென்று குறைந்து, கடைசியில் நத்தையாக ஊரும். பிரேக் பிடிக்கும் வண்டிக்குச் சீரான குறைப்புதான் பொருந்தும்.

[திரையில்: வேகம் = மேக்ஸ்(0, வேகம் − குறைப்பு × டெல்டா டைம்)]

மேக்ஸ் இரண்டில் பெரியதைத் தரும். அது இல்லாவிட்டால் வேகம் மைனஸுக்குப் போய் ட்ராம் பின்னால் நகரும். வேகம் 12, குறைப்பு 1 என்றால், 12 × 12 ÷ 2 = 72 மீட்டருக்கு முன்பே பிரேக் தொடங்க வேண்டும். நிலையத்தில் ட்ராம் நிற்க வேண்டிய கோட்டில் சரியாக நிறுத்த, குறைப்பை ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்பக் கணக்கிடுங்கள்: வேகம் × வேகம் ÷ (2 × மீதித் தூரம்). மீதி பூஜ்யத்தை நெருங்கினால் இந்த வகுத்தல் வெடிக்கும். அதனால் கடைசி 5 சென்டிமீட்டரில் ட்ராமைக் கோட்டிலேயே வைத்து வேகத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

மேலிருந்து பார்க்கும் விளையாட்டு என்றால், எக்ஸ், ஒய் இரண்டிலும் தனித்தனியாகக் கழிக்காதீர்கள், பாதை வளைந்துவிடும். மொத்த வேகத்தின் அளவைக் குறைத்துவிட்டுத் திசையை அப்படியே வையுங்கள். படகுக்கு இந்தக் கவலை இல்லை: அங்கே பெருக்கல், திசை மாறாது.

[திரையில்: ஃபிரேமை 20, 60, 120 என்று கட்டிவைத்து ஓட்டும் சோதனை. மூன்றிலும் படகு 5 மீட்டரில் நிற்கிறது]