ஐசி நம்பர கூட்டிக் கழிக்கப் போறீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம காலையில பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்திருக்கீங்க, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கோயில் உறுப்பினர் பட்டியல், டியூஷன் பீஸ் கணக்கு, பள்ளி முன்னாள் மாணவர் லிஸ்ட்னு எக்ஸெல்ல இருந்தத டேட்டாபேஸுக்கு மாத்தற ஆளுங்கதான் இங்க நெறைய பேரு, அதனால அத வச்சே பேசறேன்.

மொதல்ல ஐசி, நம்ம மலேசிய அடையாள அட்டை நம்பர். 12 இலக்கம், முன்னாடி ஆறு பொறந்த வருஷம் மாசம் நாள். நம்பர்தானேன்னு டேபிள்ல பிக்இன்ட் காலம் (column), அதாவது முழு எண் மட்டும் வாங்கற நெடுவரிசை, போட்டுடறோம், 1995ல பொறந்தவருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா 2005ல பொறந்த பிள்ளையோட ஐசி சைபர்ல ஆரம்பிக்குது இல்லையா, அந்த சைபர் காணாம போயி 11 இலக்கம்தான் மிஞ்சும். 2000 ஜனவரியில பொறந்திருந்தா மூணு சைபர் போயிடும். கங்கார் போஸ்ட்கோட் 01000, அதுக்கும் இதே கதி, கைப்பேசி நம்பருக்கும்தான். ஒரு காலம் போடறதுக்கு முன்னாடி இத கூட்டுவோமா கழிப்போமான்னு கேளுங்க, இல்லன்னா டெக்ஸ்ட்தான். ஐசிக்கு நடுவுல கோடு போட்டு ஒருத்தர், போடாம ஒருத்தர் அடிச்சா ஒரே ஆள் ரெண்டு தடவ உள்ள வந்துடுவாரு, அதனால கோட எடுத்துட்டு சேமிச்சு, ஒரே நம்பர் ரெண்டு தடவ வரக்கூடாதுன்னு யூனிக் போடுங்க. ஆனா ஐசியவே பிரைமரி கீ, அதாவது மத்த டேபிளெல்லாம் ஒரு ஆள அடையாளம் காட்டற சாவி, ஆக்காதீங்க. தப்பா அடிச்சத ஒரு நாள் திருத்தணும்னா அது போயி ஒட்டியிருக்கிற எல்லா டேபிளையும் தொடணும், அப்புறம் பாஸ்போர்ட் மட்டும் வச்சிருக்கிறவர எங்க போடுவீங்க?

பேரும் அப்படித்தான். பர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு காலம், ரெண்டும் கட்டாயம்னு வச்சா நம்ம ஆளுங்க அப்பா பேர கொண்டுபோயி லாஸ்ட் நேம்ல போடுவாங்க, கடிதம் அப்பா பேருக்கு போகும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமா இருக்கும். ஐசியில இருக்கிற முழுப் பேருக்கு ஒரு காலம், கூப்பிடற பேருக்கு ஒரு காலம், போதும். தமிழ்ல பேரு சேமிக்கிறவங்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்னா யுடிஎஃப்8எம்பி4ங்கற எழுத்துக் குறியீடு போடுங்க, எஸ்க்யூஎல் சர்வர்னா என்வார்சார்ங்கற காலம் வகை, இல்லன்னா பேருக்கு பதிலா கேள்விக்குறியா வரும்.

இப்ப நல், NULLனு எழுதறது. இதுக்குத்தான் கொஞ்சம் நேரம் வேணும். ஒரு டியூஷன் சென்டருக்கு நான் கணக்கு பாத்தப்ப, பீஸ் கட்டாதவங்க யாருன்னு, ரசீதுல இல்லாத மாணவர் ஐடியா நாட் இன் (NOT IN) போட்டு கேட்டேன், ஒரு ரோ, அதாவது ஒரு வரி கூட வரல. எல்லாரும் கட்டிட்டாங்கன்னு நானே போயி சொல்லிட்டேன், கடைசியில வாடகைக்கு காசு பத்தல. என்ன நடந்துச்சுன்னா கவுண்டர்ல யாரோ ரொக்கமா கட்டுன ஒரு ரசீதுல மாணவர் ஐடி எழுதாம விட்டிருக்காங்க, அது நல். நல்னா காலி இல்ல, யாருன்னு தெரியாதுன்னு அர்த்தம். கட்டாத பிள்ளைய பத்தி கேட்டா, அந்தத் தெரியாத ஆள் இவளா கூட இருக்கலாமேன்னு டேட்டாபேஸ் உறுதி சொல்லாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே பதில், அதனால லிஸ்ட்ல யாருமே வர மாட்டாங்க. எரர் கூட காட்டாது. நாட் இன்னுக்கு பதிலா நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) எழுதுங்க, அது நல் இருந்தாலும் தடுமாறாது. அதோட அந்த ஐடி காலத்துக்கு, எழுதாம விடக்கூடாதுன்னு நாட் நல் போட்டிருந்தா பிரச்சனை கவுண்டர்லயே தெரிஞ்சிருக்கும்.

கடைசியா ஒண்ணு. அப்டேட், டெலீட் எதுவா இருந்தாலும் மொதல்ல அதே வேர் (WHERE) நிபந்தனைய, எதையும் மாத்தாம காட்ட மட்டும் செய்யற செலக்ட்ல ஓட்டி எத்தன ரோ வருதுன்னு எண்ணுங்க. அப்புறம், உறுதி பண்றதுக்கு முன்னாடி திரும்ப எடுக்க முடியற மாதிரி டிரான்சாக்ஷன் ஆரம்பிச்சு ஓட்டுங்க, 3 ரோ மாறணும்னு எதிர்பாத்த எடத்துல 340 மாறிச்சுன்னு காட்டுனா உறுதி பண்ற கமிட் அடிக்காம, பழையபடி திருப்பற ரோல்பேக் அடிங்க.

லேப்டாப் கொண்டு வந்தவங்க முன்னாடி வாங்க, உங்க டேபிளயே தொறந்து ஐசி காலத்துல இருந்து பாப்போம்.