எந்தத் திறப்பில் இடறுகிறது உங்கள் வண்டி?

வணக்கம் நேயர்களே. கார்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம், உள்ள வண்டி வைத்திருப்பவர்களோடு இன்று கொஞ்ச நேரம் பேச வந்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு புதிய பைக்குகளில் கார்பரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் தெருவில் ஓடுகிற வண்டிகளைப் பாருங்கள். பழைய ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட், ஆசையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் ஆர்எக்ஸ் 100 என்று எத்தனையோ வண்டிகள் இன்னும் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளை ஜெட்டை நம்பித்தான் ஓடுகின்றன.

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "அண்ணே, மைலேஜ் வரல, ஜெட்டைச் சின்னதாக்குங்க" என்பார்கள். மீதிப் பேர் "பிக்கப் இல்ல, பெரிசு போடுங்க" என்பார்கள். இரண்டு பேரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கும்போது வண்டி இடறுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் ஜெட்டைத் தொடவே கூடாது.

காரணம் இதுதான். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற இடம் ஒன்று மட்டும் இல்லை. ஐடிலிங்கிலிருந்து (ஆக்சிலரேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓடும் நிலை) எட்டில் ஒரு பங்கு திறப்பு வரைக்கும் ஸ்லோ ஜெட் என்ற சின்ன ஜெட்டும் காற்றுத் திருகும் பார்த்துக்கொள்கின்றன. ஏறக்குறைய கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் ஊசியின் ஆட்சி. அதற்கு மேல், முழுசாக முறுக்கும்போதுதான் மெயின் ஜெட் தன் வேலையைக் காட்டும். நம் ஊர்ச் சாலையில் முழுசாக முறுக்கி ஓட்டுகிற நேரம் எவ்வளவு? மிகக் குறைவு. அப்படியிருக்க, மைலேஜுக்காக மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினால் மிச்சம் ஒன்றும் கிடைக்காது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த முழுசாக முறுக்கும் நேரத்தில் இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் தவிக்கும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது இன்னும் ஆபத்து. அதில் பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனையும் குளிர்விக்கிறது. அது குறைந்தால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொள்வது உயிருக்கே கேடு.

சரி, எவ்வளவு திறப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆக்சிலரேட்டர் கைப்பிடியிலும் அதற்கு ஒட்டினாற்போல உள்ள மூடியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போடுங்கள். வண்டியை நன்றாகச் சூடேற்றிவிட்டு, நெரிசல் இல்லாத சாலையில் ஒவ்வொரு கோட்டிலும் நிதானமாகப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். இடறுகிற கோடு எது என்று தெரிந்ததும், பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைவு. மேலும் திணறினால் பெட்ரோல் அதிகம். காசே செலவில்லாத சோதனை இது. இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கார்பரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் மட்டம் சரியா என்று பார்த்த பிறகுதான் ஜெட் பக்கம் போக வேண்டும். வெடித்த ரப்பர் வழியே கள்ளக்காற்று போகிற வண்டிக்கு எந்த ஜெட் போட்டாலும் பயனில்லை.

காற்றுத் திருகு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையை அளப்பது. உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு குறையும். நேர் எதிர்! ஆர்எக்ஸ் 100இல் இருப்பது காற்றுத் திருகு. மெதுவாக, அழுத்தாமல் உள்ளே முட்டும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து முன்னும் பின்னும் அசைத்து, ஐடிலிங் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விடுங்கள். அந்த இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் சின்னது. மூன்று சுற்றைத் தாண்டினால் பெரிது.

ஊசியின் தலைப்பக்கம் வழக்கமாக ஐந்து வெட்டுகள் இருக்கும், அதில் ஒன்றில் சின்ன கிளிப். கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாற்றினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஒரே வெட்டு உள்ள ஊசிகளும் உண்டு. அவற்றில் மெல்லிய வாஷர் வைத்து உயர்த்துவார்கள்.

ஜெட் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்பரேட்டர் செய்யும் கம்பெனிகள். கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டம்; 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். மிக்குனியின் எண் பெட்ரோல் பாயும் அளவைச் சொல்வது. ஒன்றின் எண்ணை வைத்து மற்றொன்றை வாங்கினால் கணக்குத் தப்பும். அடைத்த ஜெட்டைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். ஒரு மில்லிமீட்டர் துளை 0.05 மில்லிமீட்டர் பெருத்தாலே அதன் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும்.

மாற்றியதும் ஸ்பார்க் பிளக்கின் முனை நிறத்தைப் பாருங்கள். குறித்த திறப்பில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே சாவியை ஆஃப் செய்து ஓரமாக நிறுத்திக் கழற்ற வேண்டும். சாவியை லாக் பக்கம் திருப்பிவிடாதீர்கள், கவனம். காப்பி நிறம் நல்லது, கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை வெளேரென்று இருந்தால் குறைவு.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது வண்டி கறுப்புப் புகை விட்டுச் சோம்புவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய இருபது சதவீதம் குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால் கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடுகிறது. இரண்டு நாள் சுற்றுலாவுக்காக ஜெட்டை மாற்ற வேண்டாம். அங்கேயே குடியிருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

சமவெளியில் இப்போது பிரச்சினை வேறு மாதிரி. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது பழைய ஜெட்டோடு ஓடுகிற வண்டிக்கு எரிபொருள் ஏழெட்டு சதவீதம் குறைவாகப் போவது போல ஆகிறது. காலையில் சோக்கை எடுத்ததும் அணைவது, ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பது, வழக்கத்தைவிடச் சூடேறுவது எல்லாம் இதன் அடையாளமாக இருக்கலாம். இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் காற்றுத் திருகு, பிறகு ஊசியை ஒரு வெட்டு உயர்த்துவது, அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் ஜெட்டில் ஓர் எண் கூட்டுவது. ஒவ்வொரு முறையும் ஓட்டி, பிளக்கைப் பார்த்த பிறகே அடுத்தது. கழற்றிய பழைய ஜெட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எண்ணை எழுதி வையுங்கள், திரும்ப வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.