குண்டான் நிறைந்தது, நாய் இளைத்தது

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவராகக் குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா என்று இந்தப் பக்கத்திலேயே 31 வருடம் சுற்றிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மாடு, ஆடு பற்றிப் பேசத்தான் என்னை எப்போதும் கூப்பிடுவார்கள். இந்த முறை நாய், பூனை, மற்ற வீட்டுப் பிராணிகளின் தீனியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாய்க்கு ஆறு நிமிடம், பூனைக்கு இரண்டு, முயலுக்கும் புறாவுக்கும் இரண்டு என்று வீட்டில் பிரித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பார்ப்போம்.

பேரணாம்பட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர், ஒரு நாள் காலையில் டி.வி.எஸ். ஐம்பதில் முன்னால் சாக்கை விரித்து நாயை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். செவலை நிறத்தில் நாட்டு நாய். பெயரும் செவலைதான். "டாக்டரம்மா, குண்டான் நெறய துன்றான். ஆனா எளச்சிகினே போறான். இன்னான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம். நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் இளைக்கிறது என்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது குடற்புழுதான். பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இன்னொரு மாத்திரை, கூடவே ஒரு டானிக். மூன்றாவது முறை வந்தபோது மனிதருக்குக் கொஞ்சம் கோபம். "சோத்தோட நீங்க குடுக்கிற மாத்திரையையும் துன்னுகினு கீறான், அவ்ளோதான்" என்றார். சரியான பேச்சு. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த மாதமே அவர் நிலத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். கன்று விழ விடியற்காலை மூன்று மணி ஆனது. ஆனால் அந்த ராத்திரி நான் கற்றுக்கொண்டது நாயைப் பற்றித்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கிற சமயம். காட்டுப்பன்றி ராத்திரியில்தான் இறங்கும். ஒன்பது மணிக்குச் செவலையின் வீட்டம்மா குண்டானைக் கொண்டுவந்து வைத்தார்: அரிசிச் சோறு, இரண்டு உருண்டை கேவுரு என்கிற கேழ்வரகுக் களி, மேலே மோர். செவலை தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு நிமிடத்தில் குண்டான் காலி, வயிறு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டது. மூதேவி, இது சாப்பிடவில்லை என்று யார் சொல்வார்கள்! அப்போது வயல் கோடியில் யாரோ தகரம் தட்டினார்கள். அவ்வளவுதான், பறந்துவிட்டது. முக்கால் மணி கழித்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. தண்ணீரை நக்கியது. மறுபடி தகரம், மறுபடி ஓட்டம். மூன்று மணிக்குள் ஐந்து தடவை போய்வந்ததை எண்ணினேன். இது ஒரு ராத்திரிக் கதை இல்லை, அறுவடை வரைக்கும் தினமும் இதே ஓட்டம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பென்சில் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். 20 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடந்தாலே மூச்சு விடவும் உடம்புச் சூட்டைக் காக்கவும் நாளைக்கு 660 கலோரி போல வேண்டும். தெருமுனை வரை நடந்து வருகிற வீட்டு நாய்க்கு 1,100 வரை. ராத்திரி முழுக்கப் பன்றி விரட்டினால் 1,600, 1,700, அதற்கு மேலும் போகும். நூறு கிராம் வெந்த சோற்றில் 130 கலோரிதான். அப்படியென்றால் சோற்றை மட்டும் நம்பிய நாய் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். வயிறு எங்கே இடம் கொடுக்கும்? களியும் மோரும் தண்ணீரால் ஆன கனம். குண்டான் நிறைகிறது, வயிறு நிறைகிறது, உடம்புக்குத்தான் போய்ச் சேரவில்லை. பூச்சி மாத்திரையால் இதற்கு என்ன செய்ய முடியும்?

நாய்க்குச் சோறே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நம் வீட்டு நாய் சோறு தின்று செரிக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் நெடுநேரம் ஓடுகிற நாயின் உடம்பு முக்கியமாக எரிப்பது கொழுப்பை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, சோற்றின் மாவுச்சத்தில் 4. அலாஸ்காவில் பனிவண்டி இழுத்துக்கொண்டு 1,600 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. அந்த நாய்களுக்கு நாளைக்குச் சுமார் 10,000 கலோரி செலவாகும். பாதிக்கு மேல் கொழுப்பாகவே கொடுப்பார்கள். நமக்குப் பனி இல்லை, பாலாற்று மணல்தான். ஆனால் மணலில் ஓடிப் பாருங்கள், தெரியும்.

செவலைக்கு என்ன மாற்றினோம்? சோறு அரைக் கிலோவாகக் குறைந்தது. கோழிக்கடையில் தலை, கால், தோல், ஈரல் என்று ஒதுக்கி மலிவாகக் கொடுப்பார்கள் இல்லையா, அதில் முன்னூற்றைம்பது கிராம். வேகவைத்த முட்டை இரண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். அந்த ஒரு கரண்டியில் 120 கலோரி, கிட்டத்தட்ட ஒரு கைப்பிடிச் சோற்றுக்குச் சமம், வயிற்றில் இடமே கேட்காது. காலையும் தலையையும் குக்கரில் விரலால் நசுக்கினால் எலும்பு மாவாகும் வரை வேகவிட வேண்டும். அரைகுறையாக வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். முட்டையைப் பச்சையாக ஊற்றாதீர்கள், பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பை ஒரே நாளில் ஏற்றாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இல்லையென்றால் வயிற்றுப்போக்கு, சில நாய்க்குக் கணையமே வீங்கிவிடும். நாற்பது நாள் கழித்து அவர் கடலை மண்டித் தராசில் நாயை நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், மூன்று கிலோ ஏறியிருக்கிறது என்று. மாத்திரைக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

இன்னொன்றையும் மாற்றினோம், அதுதான் பெரிது. வேளை. ஒன்பது மணிக்கு நிறையப் போட்டு ஒன்பது ஐந்துக்கு ஓட விடுவது ஆபத்து. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இன்னும் ஆபத்து. வயிறு காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, எச்சில் மட்டும் வழியும். வயிற்றைத் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம். சில மணி நேரத்தில் உயிர் போகும். என் சொந்த ராஜபாளையம் நாய் அப்படித்தான் போனது. விருந்தாளி வந்த சந்தோஷத்தில் நானே இரண்டு வேளைச் சோற்றை ஒன்றாகப் போட்டு, நானே கேட்டைத் திறந்துவிட்டேன். நான் மருத்துவர்! ஆகையால் பெரிய சாப்பாடு, ஓட்டத்துக்கு நாலு மணி நேரம் முன்பே. ஓடி வந்ததும் தண்ணீர், கொஞ்சம் ஓய்வு, ஒரு மணி நேரம் கழித்து மீதிச் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரே வேளை என்பதை விட்டுவிடுங்கள்.

மல்லாட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. மாட்டுக்கு வாங்கிய கடலைப் பிண்ணாக்கு மூலையில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும், நாய்க்கு ஊறவைத்துப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பூஞ்சையில் அஃப்ளடாக்சின் என்ற விஷம், ஈரலைத் தின்றுவிடும். வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பக்கத்துக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே கதி.

சரி, ஓடாத நாய்க்கு வருகிறேன். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மாடி வீட்டில் லாப்ரடார் வளர்ப்பவர்கள், மேலே சொன்ன எண்ணெய்க் கதையை அப்படியே மறந்துவிடுங்கள். அது உங்களுக்கு இல்லை. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு வயிறு நிறைய, இன்னொன்றுக்குக் கால் பங்கு குறைத்து, ஆயுள் முழுக்கப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு, 2002-ல் வெளிவந்தது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூட வாழ்ந்தன. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாய் குண்டா, ஒல்லியா என்று எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். வீட்டு நாயை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. இப்போதே இடது கையை முஷ்டியாக மூடுங்கள். விரல் முட்டிகள் மேல் வலது கை விரலை ஓட்டுங்கள். நாயின் விலா அப்படி மேடும் பள்ளமுமாக இருந்தால், ஒல்லி. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு இருப்பது தெரிகிறது, ஆனால் துருத்தவில்லை. விலா அப்படி இருந்தால் அளவு சரி. கையைத் திருப்பிக் கட்டைவிரலுக்குக் கீழே சதையை அமுக்குங்கள். விலா அப்படி மெத்தென்று இருந்தால் குறைக்க வேண்டும். குண்டானைப் பார்க்காதீர்கள், விலாவைத் தொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஆம்பூர் பக்கம் திங்கட்கிழமை காலையில் எங்களிடம் வருகிற நாய்களில் பாதி அதனால்தான். எலும்பு ஒரு பக்கம், வெங்காயம் இன்னொரு பக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். உடனே தெரியாது, மூன்று நாலு நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகப் போகும்போதுதான் தெரியும். பாயசத்து உலர்திராட்சையும் வேண்டாம், சிறுநீரகம் போய்விடும். சாக்லேட்டும் அப்படித்தான், இதயத்தைத் தாக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துத் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். முயல் போச்சு. வெயிலையாவது சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வேர்ப்பது பாதத்தில்தான், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூடு தணிக்கும். 20 கிலோ நாய்க்கு நாளைக்கு ஒரு லிட்டராவது தண்ணீர், நம் ஊர் கத்திரி வெயிலில் இரண்டு மடங்கு. மண்சட்டியில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். ஓட்டமெல்லாம் விடிவதற்கு முன்.

பூனை. பால்சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். டாரின் என்ற சத்து பூனைக்கு உணவில் இருந்தே வந்தாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. இல்லாவிட்டால் கண் மங்கும், இதயம் தளரும். சர்க்கரை போட்டால் பூனைக்குத் தெரியவும் தெரியாது, அதன் நாக்குக்கு இனிப்பு எட்டாது. வேகவைத்த மத்தி மீனோ கோழியோ தினமும் கொஞ்சம், முள்ளை எடுத்துவிட்டு. அப்புறம் பச்சைக்கிளிக்கு என்ன போடலாம் என்று கேட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார். அதைக் கூண்டில் வளர்ப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஐயா. புறா... ஒரு விரல்தான் காட்டுகிறார், இப்போது அதையும் மடக்கிவிட்டார். வணக்கம்.