ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, சமூக மன்றச் செயலாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அண்ணாச்சி அவர்களே, மழையில் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் பொருளாளரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவர் போட்ட கணக்கு, அது பலித்த ஊர், அதில் உள்ள ஓட்டை.

1914இல் கனடாவில் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கருத்தரங்கில் கண்ணயர்ந்துவிடுவாராம், திடீரென்று விழித்துப் பேச்சாளரைத் திணறடிக்கும் கேள்வி ஒன்று கேட்பாராம். நம் பொருளாளர் இதில் முதல் பாதியை மட்டும் செய்கிறார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். விக்ரி சொன்னதும் அதுதான். 1952இல் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு, நெரிசல் நேரத்தில் கூடுதல் கட்டணம், மற்ற நேரத்தில் குறைவு என்றார். 1959இல் வாஷிங்டன் சாலைகளுக்கும் மின்னணுக் கருவி வைத்து வசூலிக்கலாம் என்றார். கேட்பார் இல்லை.

1975 ஜூனில் நம் சிங்கப்பூர் அதே வழியில் இறங்கியது. காலையில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளுக்கு 3 வெள்ளி, அதாவது 3 சிங்கப்பூர் டாலர். கண்ணாடியில் காகித உரிமம் ஒட்ட வேண்டும். காரில் நாலு பேர் இருந்தால் இலவசம். அவ்வளவுதான், எங்கள் மாமாவுக்கு யோகம்! தோ பாயோ பஸ் நிறுத்தத்தில் தூக்குச்சட்டியோடு நிற்பார். ஆள் குறைகிற கார் வந்து நிற்கும், ஏறிக்கொள்வார். ஒருநாள் நகர மையத்தில் உள்ள ஷென்டன் வேக்குப் போகும் காரில் தூக்குச்சட்டி சாய்ந்து, வத்தக்குழம்பு முழுக்க இருக்கையில். மறுநாள் அதே கார். ஓட்டுநர் மாமாவைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போய், காரைப் பின்னுக்கு எடுத்து வந்தார். குழம்பா, மூணு வெள்ளியா என்று யோசித்திருக்கிறார்! "ஏறுங்க. சட்டிய மடியில வச்சுக்குங்க" என்றாராம். அவரும் அளந்துதான் போட்டார்.

1998இல் இங்கே சாலைக் கட்டணத்தைத் தானாக வசூலிக்கும் இஆர்பி மின்னணு வளைவுகள் வந்தன. விக்ரி அதைப் பார்க்கவில்லை. 1996 அக்டோபரில் நோபல் அறிவிப்பு வந்து மூன்றாம் நாள், மாநாட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியில் இறந்தார். பரிசும் வேறு ஆய்வுக்குத்தான். அவருடைய நியூயார்க்கில் கார்களுக்கு நெரிசல் கட்டணம் வர 2025 ஜனவரி ஆயிற்று.

இப்போது என் வழக்கமான பல்லவிக்கு வருகிறேன். உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார்கள். வார நாளில் காலை 7:45க்கு முன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி. விக்ரியின் கணக்கேதான். ஆனால் விடியற்காலை 5:30க்குப் பஸ்ஸில் போகிற துப்புரவாளர் அக்காவுக்கு? காலிப் பஸ்ஸில் முழுக் கட்டணம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால் பஸ்ஸுக்கும் அளக்க வேண்டாமா?

தலைவர் மணியடிக்கிறார். ஓட்டையைப் பற்றி இன்னொரு நாள். பஸ்ஸுக்கும் தள்ளுபடி கேட்கும் மனுவில் இதுவரை 212 கையெழுத்து. தாள் வாசலில், பக்கோடாத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.