உறைமோர் கடன் வாங்கலாம், தயிரையே கடன் வாங்கலாமா?

நடுவர் அவர்களே, கோயில் கொடைக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, வில்லுப்பாட்டுக்கு இப்போதே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, வணக்கம்.

பாலுக்கு ஒரு நாடு வெளிநாட்டை நம்பலாமா என்பது தலைப்பு. “மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்கினால் என்ன, நியூசிலாந்து மாடு கறந்தால் பால் கறுத்தா போகும்?” என்று எதிரணி அண்ணாச்சி கேட்டார். நானும் கைதட்டினேன். நல்ல கேள்விதான்.

பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம் கடலைத் தாண்டினால் இலங்கை. அங்கே பால்பவுடருக்குப் பால்மா என்று பெயர், பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வருவது, பால் டீ என்றாலே பெரும்பாலும் அந்த மாவைக் கலக்கியதுதான். 2021-ல் டாலர் தட்டுப்பாடு வந்தது. அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், ஒரு கிலோ 1,195 ரூபாய் ஆனது. 2022 மார்ச்சில் 1,945. அந்த ஊர் ரூபாய்தான், ஆனால் சம்பளமும் அந்த ஊர் ரூபாய்தானே அண்ணாச்சி!

கொழும்பில் இருக்கிற என் சித்தி அப்போது போனில் சொன்னாள்: கடைக்காரர் மா பாக்கெட்டை அலமாரியில் வைக்கமாட்டாராம், மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த முகமா என்று பார்த்துத்தான் எடுப்பாராம். அதுவும் ஆளுக்கு ஒன்று. “சரி, டீக்கு என்ன செய்யுதிய?” என்றேன். “பிளேன்டீதான், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிச்சுக்கிடுதோம்” என்றாள். கருப்பட்டிக் காப்பி குடிக்கிற நமக்கு அது ருசியாகக்கூடத் தோன்றும். வீட்டில் இருக்கிற மூன்று வயதுப் பேத்திக்கு?

அப்புறம், இல்லாதபோது மாடு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். கிடேரிக் கன்று வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, மடியில் பால் இறங்கக் குறைந்தது இரண்டரை வருஷம், பல நேரம் மூன்று. மலிவு மாவு வந்து குவிந்த காலத்தில் தொழுவத்தைக் காலி செய்தவன், மாவு நின்ற மறுநாள் எந்தக் காம்பைப் பிடித்துக் கறப்பான்?

எதிரணித் தங்கச்சி வெண்மைப் புரட்சியை எடுத்து வீசினார், அதை நடத்திய அமுல் குரியனே வெளிநாட்டுப் பவுடரை வைத்துத்தானே ஆரம்பித்தார் என்று. உண்மைதான், மறுக்கவில்லை. 1970-ல் ஐரோப்பாக்காரர்கள் தங்களிடம் மிஞ்சிக் கிடந்த பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் உலக உணவுத் திட்டம் வழியாக இனாமாகக் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் மட்டும் பவுடர் 1,26,000 டன். அதை இனாமாகவே ஊருக்கு ஊற்றியிருந்தால் நம் பால்காரர் அன்றைக்கே கேனைக் கவிழ்த்திருப்பார். அப்படிச் செய்யவில்லை. பாலாக்கி மெட்ராஸ், பம்பாய் மாதிரி நகரங்களில் காசுக்கு விற்று, அந்தக் காசில் கூட்டுறவுச் சங்கம், குளிரூட்டும் நிலையம், தீவனம் என்று போட்டார்கள். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி நம் பாலில் ஊற்றினால் மறுநாள் சட்டி நிறைய தயிர் நமக்கு. 1998 வாக்கில் பால் உற்பத்தியில் அமெரிக்காவையே தாண்டினோம். தங்கச்சி அந்தக் கரண்டியைக் காட்டிவிட்டுச் சட்டியைக் காட்டாமல் உட்கார்ந்துவிட்டார்.

நம் பக்கமும் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் என் அத்தை இரண்டு மாடு வைத்திருந்தாள். விடியுமுன் கறந்து தூக்குவாளியில் சங்கத்துக்குக் கொண்டுபோவாள், பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டர் மிதக்கிற வரைக்கும் மூச்சே விடமாட்டாள். தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை விலைக்கும் சங்கம் போடுகிற காசுக்கும் கட்டவில்லை. மாட்டை விற்றாள். தொழுவத்தில் இப்போது மகனுடைய பைக் நிற்கிறது.

நடுவர் அவர்களே, எதிரணி சொல்கிற மலிவுப் பவுடர் இங்கேயும் வந்தால், தெருவில் மிச்சமிருக்கிற நாலு தொழுவத்திலும் பைக்தான் நிற்கும். அந்த பைக்குக்குப் பெட்ரோல் காய்ச்சுகிற கச்சா எண்ணெயும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது.