பரண் ஏறிய பொருள்கள்

நேயர்களுக்கு வணக்கம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினேன். உள்ளே பதினேழு சாவிகள். அவற்றுக்குரிய பூட்டு ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆனாலும் ‘எதற்காவது ஆகும்’ என்று மூடி, மறுபடியும் மேலே வைக்கப் போனேன்.

இந்த ‘எதற்காவது ஆகும்’ என்பதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிப் பருப்பு போட்டு வைத்து, பழைய வேட்டியைக் கரித்துணியாக்கி, அதுவும் நைந்த பிறகே விட்ட தலைமுறையிடமிருந்து வந்த சிக்கனம் அது. ஆனால் அவர்கள் எடுத்துவைத்தது அடுத்த மாதமே புழக்கத்துக்கு வந்தது. நாம் எடுத்துவைப்பது பரண் ஏறியதோடு சரி.

கைக்கு வந்த பொருளின் மதிப்பு நம் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிவதைப் பொருளியலறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980-இல் எடுத்துக்காட்டினார். பின்னர் அவரும் டேனியல் கானமன் முதலியோரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், குவளை ஒன்றைப் பரிசாகப் பெற்ற மாணவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, குவளை பெறாதவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சற்றுமுன் கிடைத்த குவளைக்கே இந்தப் பாடு என்றால், பாட்டியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கை எப்படிக் கொடுப்பது? கொடுக்க வேண்டாம், அதைக் கீழே இறக்கிப் புழங்கலாம்.

பரணில் வைத்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். எங்கள் பழைய மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம் விரலில் பிசின்போல ஒட்டியது; பள்ளிப் பையின் உள்பூச்சு மாவாக உதிர்ந்தது; பழைய கைப்பேசியின் பேட்டரியோ உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது, அது ஆபத்தும்கூட. அந்தப் பையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருந்தால் ஒரு குழந்தை அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கும்.

ஒழிப்பது என்றால் கொளுத்துவதன்று. 2018 போகியன்று சென்னையில் சூழ்ந்த புகையால் விமானங்களே வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. உப்பிய பேட்டரியை மின்கழிவு சேகரிப்பவரிடமும், மற்றவற்றைப் பழைய சாமான்காரரிடமும் கொடுத்தேன்.

சாவிகள் மட்டும் கெட்டுப்போகாதவை என்பதால் கடைசிவரை என்னோடு வாதாடின. சாமான்காரர் பித்தளைச் சாவிகளைத் தனியே பொறுக்கித் தராசில் வைத்தார். அதற்குள் நான் ஒன்றை எடுத்துப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று, பக்கத்து அறைப் பூட்டில் நுழைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.